வழிக்கேற்ற கியர்

பழைய மோட்டார் வண்டி ஒன்றைப் புதுப்பிக்க முனைகிறவர்கள், "ஐந்து கியர்ப் பெட்டி மாட்டிவிட்டால் என்ன?" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வண்டி எந்தச் சாலையில் ஓடப் போகிறது? இதற்கு விடை காணாமல் கியரைத் தேர்ந்தெடுப்பது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவதைப் போன்றது. இதை நான் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தவறான கட்சியில் நின்று வாதாடித் தோற்ற பிறகே தெரிந்துகொண்டேன். அந்தத் தோல்வியையே கட்டுரையாக்கி, நண்பர்களே, உங்கள்முன் வைக்கிறேன்.

என் மாமா அந்தமானில் இருக்கிறார். 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் அவருக்கு ஒரு வீடும், வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையும், கொட்டகைக்குள் ஓர் அம்பாசிடரும் உண்டு. 1960-களில் செய்த வண்டி. 1489 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங் தண்டை ஒட்டிய கியர்க் கோல், நான்கு கியர். பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. எழுபதை நெருங்கும் மாமாவுக்கு ஒரே ஆசை. அத்தையை முன்னிருக்கையில் உட்கார வைத்து, அந்த வண்டியிலேயே திக்லிப்பூர் வரை ஒருமுறை போய்வர வேண்டும். அதற்கென்று ஒரு தொகையும் சேர்த்து வைத்திருக்கிறார். பெரிய தொகையன்று. ஒருமுறை தவறிவிட்டால் மறுமுறை செய்து பார்க்க மிச்சமிராது.

விடுமுறைக்குப் போன நான், பொறியியல் படிக்கும் மிடுக்கில், "நான்கு கியரெல்லாம் தாத்தா காலத்து வழக்கம் மாமா. ஐந்து கியர் மாட்டிவிடுவோம்" என்றேன். என் பேச்சில் ஆதாரமும் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் இதே அம்பாசிடருக்கு 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் வந்தபோது, அதனோடு ஐந்து கியர்ப் பெட்டியும் வந்தது. கியர்க் கோலும் ஸ்டியரிங்கை விட்டுத் தரைக்கு இறங்கியது. தம்பி வீட்டுச் சொத்தை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவருவதில் என்ன குற்றம் என்பது என் வாதம்.

மாமா கோபிக்கவில்லை. "மாட்டலாம் மாப்பிள்ளை. ஐந்தாவது கியரை எந்த இடத்தில் போடுவாய்? அதை மட்டும் சொல்லு" என்றார். அந்த இடத்தைத் தேடித்தான் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கணக்கு எளியது. எஞ்சினின் சுழற்சி சக்கரத்தை அடையுமுன் இரண்டு இடங்களில் குறைக்கப்படுகிறது. முதலாவது, கியர்ப் பெட்டி. இரண்டாவது, பின் அச்சிலுள்ள கிரவுன் சக்கரமும் பினியனும். பழைய நான்கு கியர்ப் பெட்டியில் நான்காவது கியர் நேர் கியர். அங்கே குறைப்பே இல்லை, ஒன்றுக்கு ஒன்று. ஆகவே நான்காவதில் ஓடும்போது முழுப் பொறுப்பும் பின் அச்சினுடையது. பினியனில் 8 பல்லும் கிரவுனில் 39 பல்லும் இருந்தால் விகிதம் 4.875. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் காணும் விகிதம் இது. நம் கணக்குக்கும் இதையே வைத்துக்கொள்வோம்.

அம்பாசிடரின் 15 அங்குலச் சக்கரம் ஒருமுறை உருண்டால் வண்டி சுமார் 2.05 மீட்டர் நகரும். எஞ்சின் நிமிடத்துக்கு 1000 முறை சுற்றினால் சக்கரம் 205 முறை சுற்றும். அதாவது நான்காவது கியரில் ஒவ்வோர் ஆயிரம் சுழற்சிக்கும் மணிக்குச் சுமார் 25 கி.மீ. வேகம். இந்த ஓர் எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே வரும்.

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே மோரிஸ் மைனர், எம்.ஜி. போன்ற பழைய வண்டிகளை வைத்திருப்போர் பலர், போர்டு நிறுவனத்தின் டைப் 9 என்னும் ஐந்து கியர்ப் பெட்டியை அவற்றில் மாட்டுகிறார்கள். மாட்டுவதற்குத் தேவையான துணைப் பாகங்களே தனியாக விற்கப்படுகின்றன. அவர்கள் அறியாமையால் செய்யவில்லை. அந்நாட்டு மோட்டார்ப் பெருவழியில் வேக வரம்பு மணிக்கு 70 மைல். நம் அளவில் 112 கி.மீ. அந்த வேகத்தில் நம் அம்பாசிடர் நான்காவது கியரில் ஓடினால் எஞ்சின் நிமிடத்துக்கு 4400 முறைக்கு மேல் சுற்றவேண்டும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது, எண்ணெய் காயும், தாங்கிகள் தேயும். 0.85 விகிதமுள்ள ஐந்தாவது கியர் ஒன்று இருந்தால் அது 3800-க்குக் கீழே இறங்கிவிடும். எஞ்சினுக்கு மூச்சு வரும். தமிழ்நாட்டின் நான்கு வழிச் சாலைகளில் 100 கி.மீ. வேகத்தில் ஓட்ட விரும்புகிறவருக்கும் இதே நியாயம் பொருந்தும். அவர் ஐந்து கியர் மாட்டினால் நான் கைதட்டுவேன்.

ஆனால் மாமா ஓட்டப்போகும் சாலை எது? அந்தமான் பெருஞ்சாலை, தேசிய நெடுஞ்சாலை 4. தெற்கே போர்ட் பிளேரிலிருந்து வடக்கே திக்லிப்பூர் வரை சுமார் 330 கி.மீ. அதில் ஜிர்காடாங் சாவடி தொடங்கி மிடில் ஸ்ட்ரெயிட் வரை ஏறத்தாழ 50 கி.மீ. தூரம் ஜாரவா மக்களின் காப்புக்காட்டுக்குள் செல்கிறது. அங்கே தனியாகப் போக இயலாது. குறித்த நேரத்தில், காவலோடு, வண்டிகள் வரிசையாகச் செல்லவேண்டும். வேகம் 40 கி.மீ.க்கு மேல் கூடாது. முந்தக் கூடாது, நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. வெளியார் தொடர்பு ஏற்கனவே அம்மக்களுக்குப் போதுமான தீங்கு செய்திருக்கிறது. அச்சாலையை அப்பகுதியில் மூடவேண்டும் என்று 2002-இலேயே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அந்தக் காட்டின் நடுவே வண்டி பழுதாகி நிற்பது வெறும் தொல்லையன்று. நிற்கவே கூடாத இடத்தில் நின்று, பிறர் வீட்டு முற்றத்தில் கூட்டம் சேர்க்கும் குற்றம் அது.

அந்த 40 கி.மீ. வேகத்தை நம் கணக்கில் இட்டுப் பார்த்தேன். நான்காவது கியரில் எஞ்சின் சுமார் 1590 முறை சுற்றும், சமதளத்துக்குப் போதும். சிறு ஏற்றம் வந்தால் மூன்றாவது. அதன் விகிதம் தோராயமாக 1.5 என்றால் 2400 சுழற்சி. இந்த எஞ்சின் நன்றாக இழுக்கும் இடம் அதுதான். ஐந்தாவது கியரிலோ 1350. அந்த நிலையில் எஞ்சின் முனகும், உதறும், சிறிது ஏற்றம் கண்டாலும் தவிக்கும். காப்புக்காட்டைத் தாண்டிய பின்னும் வளைவும் மேடும் நிறைந்த சாலைதான். 60 கி.மீ. வேகத்தை எட்டினாலும் நான்காவது கியரில் 2400-ஐ எஞ்சின் தாண்டாது. இரைச்சலும் இல்லை, இடரும் இல்லை. அப்படியானால் ஐந்தாவது கியரை எந்த இடத்தில் போடுவது? மாமாவின் கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

தோல்வியை ஒப்புக்கொள்ள மனம் வராமல் வேறொரு வழியைச் சொன்னேன். "பெட்டி நான்காகவே இருக்கட்டும். பின் அச்சை மாற்றுவோம். 4.875-ஐ எடுத்துவிட்டு 4.11 போட்டால் செலவும் குறைவு, எஞ்சினும் மெதுவாகச் சுற்றும்" என்றேன். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஐந்தாவது கியர் என்பது இருக்கும் நான்கோடு கூட ஒன்று. வேண்டாவிட்டால் தொடாமல் விடலாம். பின் அச்சை மாற்றினாலோ எல்லாக் கியரும் சேர்ந்தே மாறும். முதல் கியரின் இழுவையிலும், பின்னோக்கிச் செல்லும் கியரின் இழுவையிலும் நூற்றுக்குப் பதினாறு பங்கு போய்விடும்.

அந்தப் பதினாறு பங்கின் அருமையை நான் ஒரு மாலையில் கண்ணாரக் கண்டேன். மாமாவின் நண்பர் ஒருவர் தம் பழைய வண்டிக்கு அப்படித்தான் பின் அச்சை மாற்றியிருந்தார். சாத்தத்திலிருந்து வண்டிப் படகில் ஏறிப் பாம்பூபிளாட் கரைக்குப் போய், அங்கிருந்து ஹாரியட் மலைக்கு ஏறுவோம் என்று புறப்பட்டோம். 2021-இல் மணிப்பூர் மலை என்று பெயர் பெற்ற அந்த மலை, உயரத்தில் நானூறு மீட்டருக்கும் குறைவு. ஊட்டியைக் கண்டவர்கள் அதை மேடு என்றுதான் சொல்வார்கள். ஆனால் படகிலிருந்து ஈரச் சரிவில் ஆள் நடக்கும் வேகத்தில் ஏறும்போதே கிளட்ச் கருகும் மணம் வந்துவிட்டது. மலைப்பாதையின் கொண்டை வளைவில், ஐந்து பேர் ஏறியிருந்த வண்டி, இரண்டாவது கியரில் திணறி, முதல் கியருக்கும் பணியாமல் நின்றது. நாங்கள் மூவர் இறங்கித் தள்ளினோம். பழியை யார்மேல் போடுவது? வண்டியின்மேல் பழியில்லை, மாற்றிக் கொடுத்த பட்டறையின்மேலும் இல்லை. கேட்டதைத்தான் செய்துகொடுத்திருந்தார்கள். கேட்டவர்களே சமவெளியை நினைத்துக் கேட்டுவிட்டோம்.

இறக்கத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அந்தக் காலத்து அம்பாசிடருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்குகள்தாம். நீண்ட இறக்கத்தில் அவற்றையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தவேண்டும். பின் அச்சின் விகிதத்தைக் குறைத்தால் இந்தப் பிடியும் தளர்கிறது.

இன்னுமோர் அபாயம் கண்ணுக்குத் தெரியாதது. வேகமானியின் கம்பி கியர்ப் பெட்டியின் பின்புறத்திலிருந்து சுற்றுகிறது. பின் அச்சு மாறியது அதற்குத் தெரியாது. 4.875-க்குப் பதிலாக 4.11 போட்ட வண்டியில் முள் 40-ஐக் காட்டும்போது வண்டி உண்மையில் 47 கி.மீ. வேகத்தில் ஓடும். வரிசைக்குள் சட்டத்தை மீறிக்கொண்டே, நல்ல பிள்ளைபோல முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வேகமானியின் சிறு பற்சக்கரத்தையும் சேர்த்து மாற்றினால் இது தீரும். ஆனால் அதை நினைப்பவர் எத்தனை பேர்?

எஞ்சினும் பின் அச்சும் ஒன்றையொன்று நம்பி வாழ்பவை. நம் சென்னையிலே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு வண்டியைச் செய்து விற்றது, 948 சி.சி. எஞ்சின். அதன் தாய்வீடான இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு சலூன் 948 சி.சி. எஞ்சினோடு வந்தபோது பின் அச்சு 4.875. எஞ்சினை 1147 சி.சி.யாகப் பெருக்கிய பிறகுதான் அதை 4.11 ஆக்கினார்கள். வலிமையைக் கூட்டிவிட்டுச் சுமையைக் கூட்டினார்கள். நாமோ எஞ்சினை அப்படியே விட்டுவிட்டுச் சுமையை மட்டும் கூட்டத் துணிகிறோம்.

எதிர்க்கட்சியின் நியாயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய நான்கு கியர்ப் பெட்டியில் முதல் கியருக்கு ஒத்திசைவு வளையம் கிடையாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறங்கினால் பற்கள் கதறும். புதிய பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை. உண்மைதான். ஆனால் இதற்கு மருந்து நம் காலிலேயே இருக்கிறது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரைச் சிறிது தட்டி, மறுபடி மிதித்து முதல் கியரைப் போடவேண்டும். இரட்டைக் கிளட்ச் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்லும் வித்தை இது. அதுவும் வராதவர்கள் வண்டியை முழுதும் நிறுத்திவிட்டு முதல் கியரைப் போடலாம். ஒரு வாரத்தில் பழகிவிடும் வித்தைக்காக ஒரு பெட்டியையே மாற்றவேண்டுமா?

அடுத்தது, பாகம் கிடைப்பது பற்றியது. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் உத்தரபாராவில் நின்றுவிட்டது. ஆகவே பழையதை நம்புவது தவறு என்கிறார்கள். நான் மறுதலையாகவே நினைக்கிறேன். அரை நூற்றாண்டுக்கு மேல் சாலையை நிறைத்த வண்டி அது. சென்னைப் புதுப்பேட்டையிலும் கல்கத்தா மல்லிக் பஜாரிலும் அதன் பாகங்களைத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு ஊரிலிருந்தும் அந்தமானுக்குக் கப்பல் உண்டு. வேறு பெட்டியை மாட்டினாலோ, எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் தட்டு புதிதாகக் கடையவேண்டும். பிராப்பெல்லர் தண்டை வெட்டியோ நீட்டியோ சமன்படுத்த வேண்டும். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் மாறவேண்டும். கியர்க் கோலுக்காகத் தரையை வெட்டவேண்டும். இவை ஒருவர் கையால், ஒரு வண்டிக்கென்று செய்யப்படுபவை. நாளை ஒன்று உடைந்தால் கடையில் கேட்டு வாங்கப் பெயர் கூட இராது. சென்னையில் இது அரை நாள் அலைச்சல். தீவில் கப்பல் வர மூன்று நாள்; அதற்கு முன்னால் கப்பல் புறப்படும் நாளுக்காகக் காத்திருப்பு. கடலால் சூழப்பட்ட ஊரில், பத்துப் பேருக்குத் தெரிந்த பழம்பொருளே ஒருவருக்கு மட்டும் தெரிந்த புதுமையைக் காட்டிலும் நம்பகமானது.

சட்டத்தையும் ஒரு சொல்லில் நினைவூட்டுகிறேன். 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்து, சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றமின்றி முதல் வடிவிலேயே காக்கப்படும் வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதிந்துகொள்ளலாம். அவ்வாறு பதிந்ததை அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தக் கூடாது. மாமாவுக்கு அந்தப் பதிவு இப்போது வேண்டாம். ஆனால் நாளை அவர் பேரப்பிள்ளைகள் விரும்பினால், வெட்டாத தரையும் மாற்றாத பெட்டியும் அவர்களுக்கு வழியைத் திறந்து வைக்கும்.

ஆகவே என் துணிபு இது. தீவிலே, மலையிலே, குறைந்த வேகச் சாலையிலே ஓடப்போகும் பழைய வண்டிக்கு அது பிறந்தபோது பெற்ற பெட்டியும் பின் அச்சுமே தகும். அவற்றை மாற்றுவதற்குச் செலவிடும் பணத்தை அவற்றைச் செம்மை செய்வதற்குச் செலவிடுங்கள்.

செம்மை செய்வதென்றால் என்ன? முதலில் அளந்து பாருங்கள். முந்தைய உரிமையாளர் எதை மாட்டியிருக்கிறார் என்று யார் கண்டது? கியரை நியூட்ரலில் வைத்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, அச்சுக்கடியில் உறுதியான தாங்கு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். தூக்கிய சக்கரத்தைக் கையால் 16 முறை சுற்றுங்கள். அதற்குள் பிராப்பெல்லர் தண்டு 39 முறை சுற்றினால் விகிதம் 4.875, 33 முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் 4.11. செலவே இல்லாத சோதனை இது. அடுத்து, கியர் நழுவுகிறது என்றவுடன் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். ஸ்டியரிங்கிலிருந்து பெட்டிவரை செல்லும் கோல்களின் புஷ்கள் தேய்ந்தாலும் அப்படித்தான் நழுவும். அவற்றை மாற்றிய பிறகும் நழுவினால் பெட்டியைத் திறந்து, தாங்கிகள், பித்தளை ஒத்திசைவு வளையங்கள், லே தண்டு, எண்ணெய் சீல்கள் ஆகியவற்றை ஒருசேரப் பாருங்கள். பாதிமட்டும் மாற்றி மூடினால் மறுபடி திறக்கவேண்டி வரும்.

இவ்வளவும் எழுதிக் கூட்டிப் பார்த்தபோது, மாமாவின் தொகையில் கால்பங்குக்குமேல் மிஞ்சியது. அந்த மிச்சத்தைப் பிரேக்குக்கும் டயருக்கும் ஒதுக்கினோம். கணக்குக் காகிதத்தை மாமா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இருமுறை படித்தார். "ஐந்தாவதை எங்கே போடுவது என்று கடைசிவரை எழுதவில்லையே மாப்பிள்ளை" என்றார்.

"அதைச் சென்னையில் போட்டுக்கொள்ளலாம் மாமா" என்றேன்.

நண்பர்களே, நம்மில் பலர் தீவுகளிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் வந்தவர்கள். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது ஏதேனும் ஒரு புதுமையைக் கையோடு கொண்டுபோகும் ஆசை நமக்கு இயல்பு. கொண்டுபோவோம்; தவறில்லை. ஆனால் இறக்கி வைக்குமுன், அங்கே பல்லாண்டு வண்டி ஓட்டியவர் ஒருவரிடம் சாலையைப் பற்றிக் கேட்டுக்கொள்வோம். கொட்டகையில் இப்போது கியர்ப் பெட்டி பிரித்துப் பரப்பிக் கிடக்கிறது. பித்தளை வளையங்கள் புதுப்பேட்டையிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. அடுத்த விடுமுறையில், ஜிர்காடாங் சாவடியில், காலை வரிசையில் எங்கள் அம்பாசிடரும் நிற்கும். மாமா ஓட்டுவார், அத்தை முன்னிருக்கையில் இருப்பார், நான் பின்னால் உட்கார்ந்து வேகமானியைப் பார்த்துக்கொண்டு வருவேன்.